பெட்டி சில்லென்றுதான் இருந்தது

போன வாரம் என் வீட்டுக் கதவு பூட்டியிருப்பதாகக் கூரியர் கம்பெனியிலிருந்து எனக்கே ஒரு குறுஞ்செய்தி வந்தது. அப்போது நான் அந்தக் கதவுக்கு முன்னால்தான் நாற்காலி போட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். 'எங்கள் ஊழியர் தங்கள் இல்லத்துக்கு வந்தார், கதவு பூட்டியிருந்தது' என்று பிசகில்லாத தமிழில் வந்திருந்தது. அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என் கைபேசி ஒரே ஒரு முறை மணியடித்து நின்றது. வெங்காயக் கையை லுங்கியில் துடைப்பதற்குள் நின்றுவிட்டது.

என் மனைவி புகார் கொடுக்கச் சொன்னாள். "உங்காளுக பண்ற வேலையப் பாருங்க. குத்துக்கல்லாட்டம் ரெண்டு பேரு உக்காந்திருக்கறோம், ஊடு பூட்டியிருக்குதாமா," என்றாள். நான் கொடுக்கவில்லை. கொடுக்கும் யோக்கியதை எனக்கில்லை. அந்த ஒற்றை மணியை நாமக்கல் வட்டாரத்தில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது டெலிவரி வேலையில் இருக்கிற சிலர் என்னை இன்னும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். வீடு பூட்டியிருந்தால் பூட்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று புது விதி வந்திருக்கிறதாம். அதைப் பற்றிய புலம்பலுக்கு நடுவில் ஒருவர், "ராசு அண்ணன் இருந்தப்ப எல்லாம் நேர்மையா நடந்திருக்கும். எழுதுங்கண்ணா, படிச்சுப் பாக்கறோம்" என்று போட்டிருந்தார். ராசு என்பது நான்தான். எழுதுகிறேன். ஆனால் அவர் நினைக்கிற கதை இது அல்ல. நான் ஹப் இன்சார்ஜாக இருந்தபோது ஒரு தெர்மோகோல் பெட்டியை மூன்று நாள் வைத்திருந்து கொடுத்தோம். அதில் ஓர் அம்மாவின் நானூறு கோழிக்குஞ்சுகளும், என்னிடம் வேலை செய்த ஒரு பெண்ணின் பிழைப்பும் மாட்டிக்கொண்டன. அதைத்தான் எழுத வேண்டும்.

நான் பனமரத்துப்பட்டிக்காரன். பத்தாவது முடித்ததும் சேலத்தில் ஒரு கூரியர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அப்போது கூரியர் என்றால் பெரும்பாலும் உறைகள்தான். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். கோடு போட்ட தாளில் கையெழுத்து வாங்குவோம். வீடு பூட்டியிருந்தால் 'வந்தோம், நீங்கள் இல்லை' என்று ஒரு சீட்டெழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வர வேண்டும். போகாமல் செருக முடியாது. அதனால் யாரும் பொய் சொல்லவில்லை. நாங்கள் உத்தமர்கள் என்பதால் அல்ல, பொய் சொல்வதற்கும் அதே தூரம் மிதிக்க வேண்டியிருந்தது.

பிறகு மொபெட் வந்தது, கல்யாணம் ஆனது, நாமக்கல்லுக்கு மாற்றல் ஆனது. எங்கள் சின்னக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது, அதை இன்னும் பெரிய ஒன்று வாங்கியது. உறைகள் குறைந்து அட்டைப் பெட்டிகள் வந்தன. தலையில் கொஞ்சம் நரை விழுந்ததும் என்னை ஹப் இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

ஹப் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. சேந்தமங்கலம் சாலையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு மேசை, இரண்டு ஸ்கேனர், ஒரு மின்விசிறி. விடிந்ததும் சேலத்திலிருந்து வண்டி வரும். மூட்டைகளைப் பிரித்து, ஒவ்வொரு பார்சலாக ஸ்கேன் செய்து, லைன் வாரியாகக் குவிப்போம். லைன் என்றால் ஓர் ஆள் ஒரு நாளில் சுற்றிவருகிற வழி. லைன்காரர்கள் எட்டு மணிக்கு வந்து அவரவர் குவியலைத் தங்கள் வசதிப்படி அடுக்குவார்கள். கடைசியில் கொடுக்க வேண்டியது பையின் அடியில், முதலில் கொடுக்க வேண்டியது மேலே. நல்ல லைன்காரர் பையை அடுக்குவதைப் பார்த்தே சாயங்காலம் எத்தனை திரும்பி வரும் என்று சொல்லிவிடலாம்.

பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு பார்சலுக்கும் ஆப்பில் ஏதாவது ஒரு முடிவை அழுத்தியாக வேண்டும். 'கொடுத்தாயிற்று' என்றால் நல்லது. 'ஆள் இல்லை' என்றால் லைன்காரர் கணக்கில் ஒரு தோல்வி. 'முகவரி தெரியவில்லை' என்றாலும் தோல்விதான். 'நேரம் போதவில்லை' என்பதற்குப் பொத்தானே கிடையாது. ஒன்றே ஒன்று மட்டும் யார் தலையிலும் விழாது: 'வாடிக்கையாளர் வேறு நாள் கேட்டார்.' நூற்றுக்கு எத்தனை கொடுத்தோம் என்கிற அன்றைய சதவிகிதக் கணக்கிலேயே அந்தப் பார்சல் சேராது. ஆகவே எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் வேறு நாள் கேட்க ஆரம்பித்தார்கள். தாங்கள் கேட்டது அவர்களுக்கே தெரியாது.

அந்தப் பொத்தான் திறக்க வேண்டுமானால் ஆப் வழியாக வாடிக்கையாளருக்கு ஓர் அழைப்பாவது போயிருக்க வேண்டும். அவர் எடுத்துவிட்டால் "ஊட்லதானுங்க இருக்கறேன், வாங்க" என்று சொல்லிவிடுவார். அதனால் ஒரு மணி அடித்ததும் வெட்டிவிட வேண்டும். அவர் திருப்பிக் கூப்பிட்டாலும் பதிவு செய்த குரல்தான் பேசும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பெருமழை நாளில் நானே கண்டுபிடித்து லைன்காரர்களுக்குச் சொன்னேன். அன்று அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

இங்கே எங்கள் ஏரியா மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. எங்கே போனாலும் தண்ணீரைத் தானே கொண்டுவருவார். என்னை 'சார்' என்பார். ஒரு நாளும் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. தினமும் ஒன்பது மணிக்கு எல்லா ஹப்காரர்களையும் ஒரே அழைப்பில் சேர்ப்பார். முதல் நாள் கடைசியாக வந்த ஹப்பின் பெயரை மட்டும் சொல்லுவார். அப்புறம், "என்னங்க பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்.

அந்த நிறுத்தல் இருக்கிறதே, அதைத் தாங்க முடியாது. இருபது ஹப்காரர்கள் காதில் போனை வைத்துக்கொண்டு மூச்சு விடுவது கேட்கும். சம்பந்தப்பட்டவர் வெயில், வண்டி லேட், ஆள் லீவு என்று ஏதாவது உளறுவார். முழுதும் கேட்டுவிட்டு, "சரிங்க சார். எப்புடின்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க அனுபவசாலி. நூத்துக்கு நூறு வந்தாப் போதுமுங்க," என்பார். 'பொய்யாக அழுத்துங்கள்' என்று அவர் வாயிலிருந்து நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அவரைக் கோர்ட்டில் நிறுத்தினாலும் எழுத்தில் ஒன்றும் கிடைக்காது.

அவரை வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை அவர் காரில் பள்ளிபாளையம் வரைக்கும் போனேன், டிரைவர் ஓட்டினார். வழியில் அவருக்கு மேலே இருப்பவரிடமிருந்து அழைப்பு வந்தது, ஸ்பீக்கரில் போட்டார். அங்கிருந்தும் இதே மென்மையான குரல், இதே கேள்வி, இதே நிறுத்தல். இவர் வெயில், வண்டி லேட் என்று உளற ஆரம்பித்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போனை வைத்தபின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

இனி ஐஸ் விஷயம். மருந்து, ஊசி, தடுப்பு மருந்து போன்றவை தெர்மோகோல் பெட்டியில் வரும். உள்ளே நீல நிற ஐஸ் பொட்டலங்கள் வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிகளை வந்த அன்றே கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் சேலத்துக் குளிர் அறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. திருப்பி அனுப்பினால் அது ஹப்பின் தோல்வி. ஒரு கோடையில் வண்டி நடுவழியில் நின்று, சர்க்கரை நோயாளி ஒருவருக்கு வந்த ஊசி மருந்துப் பெட்டி கிட்டத்தட்ட உருகி வந்தது. பக்கத்து ஜூஸ் கடைக்காரரிடம் கெஞ்சி, அவருடைய ஃப்ரீசரில் ஐஸ் பொட்டலங்களை உறைய வைத்து, திரும்பவும் பெட்டியில் வைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டி நின்றதையும் ஐஸ் மாற்றியதையும் சொன்னேன். அவர் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு, கெடவில்லை என்று தெரிந்துகொண்டபிறகுதான் போட்டுக்கொண்டார். அன்று எனக்கு மனசு நிறைவாக இருந்தது.

அந்த நல்ல காரியம்தான் மெல்ல மெல்லக் கெட்டுப்போனது. ஐஸை மாற்றலாம் என்றால் பெட்டி காத்திருக்கலாம். காத்திருக்கலாம் என்றால் பையின் அடிக்குப் போகலாம். சாயங்காலம் திரும்பி வந்த பெட்டியின் டேப்பை வெட்டி, ஐஸை எடுத்து ஜூஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, காலையில் வைத்து ஒட்டுவோம். பிரித்த தடம் தெரியாமல் ஒட்டுவதில் எனக்கு நல்ல கைவாகு. பகலில் வெயிலில் வண்டியோடு சுற்றி மதியத்துக்கே உருகிவிடும் என்பது எனக்குத் தெரியும். வாங்குகிறவர் தொட்டுப் பார்க்கிற நேரத்தில் பெட்டி சில்லென்று இருந்தால் போதும் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். அந்த நோயாளியிடம் உண்மையைச் சொன்ன அதே ஆள்தான் நான்.

கோமதி சேந்தமங்கலம் லைன். பள்ளிபாளையத்தில் மில்லில் நூல் கோன் சுற்றிக்கொண்டிருந்தவள், கணவன் விபத்தில் அடிபட்டுப் படுத்தபிறகு சொந்த ஊரான சேந்தமங்கலத்துக்கே வந்துவிட்டாள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஸ்கூட்டரில் முன்னாலும் பின்னாலும் பைகளைக் கட்டிக்கொண்டு கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் போய்வருவாள். அவள் பை அடுக்குவது நான் பார்த்ததிலேயே சுத்தமான அடுக்கு. அதிகம் பேசமாட்டாள். ஏதாவது தப்பு நடந்தால், எதிரில் வந்து நின்று, நாமே சொல்லட்டும் என்று காத்திருப்பாள்.

அது பங்குனி. கம்பெனியில் பெரிய விற்பனை வாரம். வழக்கமாக ஒரு லைனுக்கு அறுபது பார்சல் வரும், அந்த வாரம் நூறைத் தாண்டியது. வியாழக்கிழமை கோமதியின் குவியலில் ஒரு தெர்மோகோல் பெட்டி இருந்தது. அடிவாரத்துக் காட்டில், அதாவது புன்செய் நிலத்தில், குடியிருக்கும் பாவாயி என்கிற அம்மாவுக்கு. போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்தரைக்குக் கோமதி போன் செய்தாள்.

"அண்ணா, இன்னும் முப்பது இருக்குதுங்க. இந்த ஐஸ் பெட்டி ஒண்ணுக்கே அம்புட்டுத் தூரம் போவணும். அதுக்குப் போனா மிச்சம் முப்பதும் போச்சு. என்ன பண்றதுங்க?"

காலையில் மேனேஜர் சொன்ன பெயர் எங்கள் ஹப்பின் பெயர். இருபது பேரும் மூச்சு விடுவதை அன்று நான் கேட்டிருந்தேன்.

"ஒத்தை ரிங் குடுத்துட்டு வேற நாள்னு போட்டுரு சாமி. ஐஸ நான் பாத்துக்கறேன்," என்றேன்.

வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னேன். சனிக்கிழமை அவள் கேட்கவேயில்லை, தானே அழுத்திவிட்டாள். ஞாயிறு அடிவார லைன் ஓடாது. பெட்டி மூன்று நாள் வெயிலில் கோமதியின் வண்டியோடு சுற்றிச் சுற்றித் திரும்பியது. ஒவ்வொரு சாயங்காலமும் நான் டேப்பை வெட்டினேன். நீலப் பொட்டலம் வெதுவெதுவென்று என் உள்ளங்கையில் கிடந்தது. உள்ளே என்ன மருந்து என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அதற்குப்பின் தெரியாது என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலையில் புது ஐஸ் வைத்து, பெட்டியைக் கோமதி பையின் மேலே நானே வைத்தேன். அவள் அன்று நேரே அங்கேதான் போனாள். மதியம் திரும்பி வந்தவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"குடுத்துட்டியா?" என்றேன்.

"குடுத்துட்டனுங்க. கோழிக்குஞ்சுக்குத் தடுப்பு மருந்துங்கண்ணா அது. வெள்ளைக்கழிச்சலுக்கு. நாமக்கல் கடையில ஆயிரம் கோழிக்கு ஆவற பெரிய குப்பிதான் இருக்குதாமா, அதுனால பையன்கிட்டச் சொல்லிச் சின்னக் குப்பியா வரவெச்சிருக்கறாங்க. நானூறு குஞ்சு உட்டு வளக்கறாங்க. பக்கத்துக் காட்டுல அந்த நோவு வந்து ஒரு பட்டியே காலியாயிருச்சாமுங்க."

"சரி."

"பெட்டியத் தொட்டுப் பாத்துட்டு, 'சில்லுனு இருக்குது கண்ணு, மருந்து உசுரோட இருக்குது'ன்னு சொன்னாங்க. சூடு பட்டா மருந்து செத்துப்போயிருமாமா. அப்பறம் உட்டும் பிரயோசனம் இல்லையாமா. எனக்கு மோர் கரைச்சுக் குடுத்தாங்க. நான் குடிச்சுட்டு வந்துட்டனுங்க."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நாளைக்குக் காலைல வெயிலேறதுக்குள்ள ஒவ்வொரு குஞ்சுக்கும் கண்ணுல ஒரு சொட்டு உடப்போறாங்களாம். மருந்து உட்டாச்சுன்னு நம்பி அவங்க பாட்டுக்கு இருந்துக்குவாங்க. நீங்க சொல்லுங்கண்ணா."

அவள் 'நீங்க சொல்லுங்க' என்றது, அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்பதா, என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் என்பதா என்று நான் யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். புகார் போகும். மூன்று நாளும் பொய்யாக அழுத்தியது யார் என்று பார்ப்பார்கள். அழுத்தியது கோமதியின் ஐடியில் பதிவாகியிருக்கும். நான் போனில் சொன்னது எங்கும் பதிவாகியிருக்காது. பொய் அழுத்தம் நிரூபணமானால் அன்றே ஐடி முடங்கும். ஐடி முடங்கினால் வேலை போயிற்று, கடிதம் கிடிதம் எதுவும் கிடையாது. காலையில் ஆப் திறக்காது, அவ்வளவுதான்.

"மேனேஜர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்றேன். அவள் மிச்சப் பார்சல்களை எடுத்துக்கொண்டு போனாள்.

மேனேஜரிடம் ஒளிக்காமல் சொன்னேன். மூன்று நாள், ஐஸ், நானூறு குஞ்சு எல்லாம். அவர் முழுதும் கேட்டார். அப்புறம் அந்த நிறுத்தல். நானும் ஒன்றும் பேசாமல் இருந்தேன். கடைசியில் அவர்தான், "சார், டெலிவரி ஆயிருச்சு. சிஸ்டத்துல குளோஸ் ஆயிருக்குது. குளோஸ் ஆனதுல எனக்குக் கேள்வி இல்லீங்க. கஸ்டமர்கிட்ட நீங்க என்ன பேசறீங்கங்கறதை நான் சொல்ல மாட்டேன்," என்றார். வைக்கும்போது, "ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்குதில்லீங்க சார்?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். இப்போது யோசித்தால் அன்றே போயிருக்கலாம். பாவாயி அம்மாவின் எண் லைனுக்கான பார்சல் பட்டியலான ரன் ஷீட்டிலேயே இருந்தது, என் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டிருக்கலாம். ஒரு முறை எண்ணை அழுத்தினேன். ஒரு மணி அடித்ததும் என் விரல் தானாகவே வெட்டிவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். மறுபடி அழுத்தத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கிழக்கு வெளுக்கும்போது அடிவாரத்தில் இருந்தேன். பாவாயி அம்மா கோழிக் கொட்டகைக்கு வெளியே தீவனத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என் சட்டையில் இருந்த கம்பெனி எழுத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அம்மா, அந்த மருந்த உட்டுட்டீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. அதெங்க உட்டேன். நேத்துப் பொழுதோடவே அந்தப் புள்ள திரும்பி வந்து சொல்லீருச்சே," என்றார். "மூணு நாளு கொண்டாராம வெச்சிருந்தேன், மருந்து சூடாயிருச்சு, உடாதீங்கன்னு நின்னு அழுவுது. எம்மேலதான் தப்புன்னு சொல்லுது. நான் உடனே பையனுக்குப் போனப் போட்டேன். அவன் திருப்பூருல இருக்கறான். வேற மருந்து பாக்கறேன்னான். கோவத்துல உங்க கம்பெனிக்கும் என்னமோ எழுதிப்போட்டுட்டானாட்டம் இருக்குது."

நான் சொல்ல வந்த எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது, என் பெயர் ஒன்றைத் தவிர. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். குஞ்சுகள் தப்பித்தன என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது நிம்மதி. என்னைப் பற்றிய நிம்மதி.

பாவாயி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

"ஏனுங்க, நீங்கதான பெரியவரு. அந்தப் புள்ளைய ஒண்ணும் பண்ணிறாதீங்க சாமி. தப்புப் பண்ணிப்போட்டு ஆரு வந்து சொல்றா இந்தக் காலத்துல? அது வந்து சொல்லுச்சு," என்றார்.

'அந்தப் பெண் சொந்தமாகச் செய்யவில்லை, நான்தான் சொன்னேன்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. "பாக்கறேங்க அம்மா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பிற்பாடு விசாரித்தேன், பையன் அன்றைக்கே ராசிபுரத்தில் ஒரு பண்ணைக்காரரிடம் பேசி வேறு மருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தான். குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை காலையில் கோமதியின் ஆப் திறக்கவில்லை. அவள் பையை அடுக்கி முடித்திருந்தாள். மூன்று முறை அழுத்திப் பார்த்தாள், போனை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பிறகு அடுக்கிய பார்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் வைத்தாள். எண்ணிப் பார்க்கச் சொன்னாள். நான் எண்ணினேன், சரியாக இருந்தது.

"நான் மேல பேசறேன் கோமதி," என்றேன்.

"சரிங்கண்ணா," என்றாள்.

அன்று மதியம் எனக்கு ஆப்பில் ஒரு படிவம் வந்தது. நான்கு கேள்விகள். மூன்று சாதாரணமானவை. நாலாவது: 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ளாமல் முடிவைப் பதிவு செய்யுமாறு ஊழியருக்கு நீங்கள் அறிவுறுத்தினீர்களா?' ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். விளக்கம் எழுத இடம் கிடையாது. படிவம் திறந்திருக்கும்போதே மேனேஜர் கூப்பிட்டார். "ஃபார்ம் வந்திருக்குமுங்க சார். எப்புடி நிரப்பறதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

இல்லை என்ற கட்டத்தைத் தொட்டேன். 'நன்றி' என்று வந்தது.

மேலே பேசுகிறேன் என்று கோமதியிடம் சொன்னேனே, அந்தப் பேச்சு நடக்கவேயில்லை. அந்த மாதம் எங்கள் ஹப் வட்டாரத்தில் முதலாவதாக வந்தது. மூன்று நாளும் அந்தப் பெட்டி கணக்கில் சேராத பெட்டி, அதனால் சதவிகிதம் குறையவில்லை. ஒன்பது மணி அழைப்பில் மேனேஜர் என் பெயரைச் சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். பதினாலு மாதம் கழித்துச் சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள்.

குழுவில் இருப்பவர்கள், கம்பெனி இப்படி நெருக்குகிறது, நாங்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நூறு பார்சலையும் இரண்டு மணி நேரத் தூரத்தையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, நேரம் போதவில்லை என்பதற்குப் பொத்தான் வைக்காதவர்கள்தான் முதல் பொய்யைச் சொன்னவர்கள். அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆனால் அந்த நாலாவது கேள்வி வந்தபோது என் மேசையில் பார்சல் எதுவும் இல்லை, வெயில் இல்லை, வண்டி லேட் இல்லை. ஒரு விரலும் இரண்டு கட்டங்களும் மட்டும்தான் இருந்தன.

இரண்டு மாதம் முன்னால் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நிற்கும்போது முட்டைத் தட்டுகள் ஏற்றிய ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவள் கோமதி. நான் ஒதுங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, எப்ப வந்தீங்க? நல்லா இருக்கறீங்களா?" என்று சிரித்தபடியே இறங்கி வந்தாள். பண்ணையிலிருந்து கடைகளுக்கு முட்டை லோடு அடிக்கிறாளாம். கணவன் இப்போது கைத்தடி பிடித்து நடக்கிறானாம். இரண்டு டீ சொன்னாள். பாதி குடித்தபிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாங்களாங்கண்ணா?"

"கேட்டாங்க. நான் சொல்லித்தான் நீ போட்டியான்னு ஃபார்ம் வந்துச்சு."

"என்னன்னு போட்டீங்க?"

"இல்லைன்னு போட்டேன்."

அவள் டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தாள். "ஆமான்னு போட்டிருந்தா உங்க வேலையும் போயிருக்குமுங்க. என்ர வேலை அதுனால திரும்பி வந்திருக்காது. ரெண்டு ஊடு கெடறதுக்கு ஒரு ஊட்டோட போச்சு. அதை நெனச்சுத்தான போட்டிருப்பீங்க," என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். எனக்குச் சௌகரியமான பதிலை அவளே என் கையில் கொடுத்திருந்தாள். இத்தனை நாளில் என் மனைவியிடம் நான் சொல்லிவந்ததும் ஏறக்குறைய அதுதான்.

"இல்ல கோமதி," என்றேன். "உன்ர ஊட்டையும் நெனைக்கல, என்ர ஊட்டையும் நெனைக்கல. பயத்துல தொட்டுட்டேன். அவ்வளவுதான்."

அவள் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தெரியுமுங்கண்ணா," என்றாள். "நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேன்."